செயின் போடும் நேரத்துக்கும் கூலி கொடுங்கள்

ட்ரக் ரயருக்குப் போடுகிற செயினைக் கையால் தூக்கிப் பார்த்தவர்கள் இதை வாசிக்கிறவர்களில் எத்தனை பேர் இருப்பீர்களோ தெரியாது. இரட்டைச் சில்லு இரண்டையும் சேர்த்து மூடுகிற செயினை நாங்கள் ‘ட்ரிப்பிள்’ என்போம். ஒன்று முப்பது கிலோவுக்கு மேல் வரும். கடையில் வாங்குகிற பெரிய அரிசி மூட்டையை விடப் பாரம். அரிசி மூட்டையையாவது நெஞ்சோடு அணைத்துத் தூக்கலாம். இது அணைப்புக்கு நிற்காது. ஒரு பக்கத்தைப் பிடித்தால் மறுபக்கம் நழுவி முழங்காலில் விழும். மைனஸ் 12 பாகைக் குளிரில் அந்த இரும்பு கையுறைக்குள்ளாலும் விரலைக் கடிக்கும்.

பதினைந்து வருடமாக ரொறன்ரோவிலிருந்து வன்கூவருக்கு ட்ரக் ஓட்டுகிறேன். ஒரு வழிக்கு ஏறத்தாழ 4,400 கிலோமீற்றர். வடக்கு ஒன்ராறியோவில் காடும் ஏரியுமாக ஒன்றரை நாள் போகும். வின்னிபெக்கிலிருந்து கல்கரி வரைக்கும் உள்ளங்கை போலத் தட்டையான நிலம். அதற்குப் பிறகுதான் மலை. மலைக்குள் நுழைந்தால் ஒக்ரோபர் முதலாம் திகதியிலிருந்து ஏப்ரல் முப்பது வரைக்கும் 11,794 கிலோவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பாரவண்டியும் செயினைக் கொண்டு போகவேண்டும் என்பது பிரிட்டிஷ் கொலம்பியாவின் சட்டம். வீதியோரப் பலகையில் மஞ்சள் விளக்கு மின்னினால் நிறுத்தி, இறங்கி, போட்டுக்கொண்டுதான் ஏறவேண்டும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். செயின் போடுவது சட்டம் என்றால், போடுகிற நேரத்துக்குச் சம்பளம் கொடுப்பதும் சட்டமாக வேண்டும். அந்தச் சட்டம் வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டிராமல், ட்ரக் வைத்திருக்கிற எங்கள் தமிழ் முதலாளிமார் இந்தக் குளிர்காலத்திலிருந்தே கொடுக்கத் தொடங்கவேண்டும்.

நீண்ட தூரம் ஓடுகிற எங்களில் பலருக்குச் சம்பளம் மைல் கணக்கில்தான். சில்லு உருண்டால் காசு. நின்றால் இல்லை. மைலுக்கு 60 சதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு செயினைப் போட எனக்கு, பழகின கை என்றபடியால், முக்கால் மணித்தியாலம் போகும். காற்றும் பனியும் சேர்ந்து அடித்தால் ஒரு மணித்தியாலம். மலை இறங்கின பிறகு கழற்றிக் கொழுவ அரை மணித்தியாலம். அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் வெறும் வீதியில் 130 கிலோமீற்றர் ஓடியிருப்பேன். 80 மைல், 48 டொலர். செயினோடு 50 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போகவும் கூடாது. போனால் குறுக்குக் கண்ணி அறுந்து பிரேக் குழாயை அடித்துப் போடும். ஆகவே மலை முழுக்க ஊர்ந்துதான் போகவேண்டும். அந்த நட்டமும் என்னுடையதுதான்.

இதில் எனக்கு ஆறாத விடயம் இன்னொன்று. கனடாவில் ஒரு சாரதி நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் ஓட்டலாம், எல்லா வேலையும் சேர்த்து 14 மணித்தியாலம். ட்ரக்கிலுள்ள மின்னணுக் கருவியில் செயின் போட்ட நேரத்தை நான் வேலை நேரம் என்றுதான் பதியவேண்டும். ஓய்வு என்று பதிந்தால் குற்றம். பனியில் முழங்காலில் நின்ற அந்த ஒரு மணித்தியாலம் சட்டத்தின் கொப்பியில் வேலை. அதே மணித்தியாலத்தைச் சம்பளச் சீட்டில் தேடிப் பாருங்கள், இருக்காது.

2011 பெப்ரவரியில் நடந்ததைச் சொல்கிறேன். அது என் பிழை. அதை மறைத்துவிட்டு மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் வராது.

வன்கூவரில் பாரம் ஏற்றிக்கொண்டு ரொறன்ரோவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஹோப் நகரத்தைத் தாண்டினால் கோக்கிஹாலா நெடுஞ்சாலை ஏறத் தொடங்கும். கிட்டத்தட்டக் கடல் மட்டத்திலிருந்து 1,244 மீற்றர் உயரத்துக்கு, ஐம்பது கிலோமீற்றருக்குள் ஏற்றிவிடுகிற வீதி அது. அங்கே கிளை வீதிகள் பலவற்றின் பெயர்கள் ஒதெல்லோ, போர்ஷியா, ஜூலியட் என்று ஷேக்ஸ்பியரின் பாத்திரங்களாக இருக்கும். அந்தப் பள்ளத்தாக்கில் முன்னொரு காலத்தில் ரயில்பாதை போட்ட அன்ட்ரூ மக்கலக் என்ற பொறியியலாளர் ஷேக்ஸ்பியரில் ஊறினவர், தன் ரயில் நிலையங்களுக்கு அந்தப் பெயர்களை வைத்தார், அவை இன்றைக்கும் நிற்கின்றன. நல்ல மனிதர். ஆனால் இரவு பதினொரு மணிக்கு, கண்ணாடியில் பனி வந்து ஒட்டுகிறபோது, போர்ஷியா என்ற பலகையைக் கண்டால் எனக்கு இப்போதும் வயிற்றுக்குள் ஒரு இறுக்கம். அதைத் தாண்டினால்தான் அந்த ஏற்றம்.

மஞ்சள் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. கண்டேன். ஒதுக்கிடத்தில் ஏழெட்டு ட்ரக் நின்றன, ஆட்கள் குனிந்து வேலை செய்வதும் தெரிந்தது. கம்பனியின் டிஸ்பாச்சிலிருந்து அரை மணித்தியாலத்துக்கு முன் செய்தி வந்திருந்தது, கல்கரிக்கு எத்தனை மணிக்கு வருவாய் என்று. செயின் பெட்டிக்குள் இருந்தது. வாங்கின நாளிலிருந்து ஒரு தடவையும் வெளியே எடுத்ததில்லை. எனக்குப் போடத் தெரியாது. தெரியாது என்று அந்த ஏழெட்டுப் பேருக்கு முன்னால் நின்று காட்டவும் மனம் வரவில்லை. நேரம் போகும், காசு போகும், மானமும் போகும். முன்னால் இரண்டு ட்ரக் நிற்காமல் போனது. நானும் போனேன்.

கிரேட் பெயர் என்று ஒரு பனிக்கூரை இருக்கிறது. மலையிலிருந்து சரிகிற பனி வீதியில் விழாமல் மேலால் ஓடிப்போகக் கட்டின கொங்கிரீட் கூரை. அதற்கு ஏறுகிற சாய்வு சில இடங்களில் 8 விழுக்காடு, அதாவது நூறு மீற்றர் முன்னால் போக எட்டு மீற்றர் மேலே ஏறவேண்டும். முழுப் பாரத்தோடு 39,000 கிலோ. வேகம் முப்பதுக்கு இறங்கியது, இருபது, பத்து. இஞ்சின் இரைகிறது, சில்லு சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. சுற்றுகிற சில்லு தனக்குக் கீழே இருக்கிற பனியை உருக்கி மினுக்கிக் கண்ணாடியாக்கிவிடும். பிரேக்கை மிதித்தேன். எல்லாச் சில்லும் பூட்டினபடியே வண்டி பின்னால் வழுகத் தொடங்கியது. நான் ஒன்றும் செய்யவில்லை, செய்ய ஒன்றும் இல்லை. ட்ரெயிலர் பாதுகாப்பு வேலியில் போய் முட்டி நின்றது. முன்பகுதி மற்றப் பக்கம் திரும்பி இரண்டு பாதையையும் அடைத்துவிட்டது.

மூன்றரை மணித்தியாலம் அந்த வீதி என்னால் நின்றது. கீழே வளைவு வளைவாக முகப்பு விளக்குகள். ஒரு இளம் தாய் காரிலிருந்து இறங்கி நடந்து வந்து, குழந்தைக்குப் பால் கரைக்கச் சுடுதண்ணி இருக்குமா என்று கேட்டாள். தேத்தண்ணிக்கு வைத்திருந்த போத்தலைக் கொடுத்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பின்னால் நின்ற ஒரு ட்ரக்கிலிருந்து வயதான சீக்கியர் ஒருவர் டோர்ச்சோடு ஏறி வந்தார். அவருடைய வண்டியில் செயின் போட்டிருந்தது. அதனால்தான் அவரால் அந்தச் சாய்வில் வழுகாமல் நிற்க முடிந்தது. “செயின் வைத்திருக்கிறாயா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். இருக்கிறது என்றேன். “போடத் தெரியுமா?” நான் பேசாமல் நின்றேன். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. “வா பேட்டா” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தார். இழுவை வண்டி வந்து சேருவதற்குள் எனக்குப் பாடம் தொடங்கிவிட்டது.

முதலில் செயினை நிலத்தில் நீட்டி விரித்து முறுக்கெடுக்கவேண்டும். ஒரு கண்ணி முறுகியிருந்தாலும் பிறகு அது ரயரை அறுக்கும். கொழுக்கிகளின் வாய் ரயரைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்கவேண்டும். இறுக்குகிற கேம் எல்லாம் உன் பக்கம் இருக்கவேண்டும். பிறகு தூக்கி இரட்டைச் சில்லுக்கு மேலால் போட்டு, மூன்று நீளச் சங்கிலியும் நேராக விழுகிறதா என்று பார்க்கவேண்டும். வண்டியை அரைச் சில்லு உருட்டவேண்டும். அதற்குப் பிறகுதான் கஷ்டமான இடம். உள்பக்கக் கொழுக்கி. பனியில் சரிந்து படுத்து, தோளைச் சில்லோடு அண்டி, கையை உள்ளே விட்டுத் தடவித் தடவி மாட்டவேண்டும். கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத்தான் தெரியவேண்டும், விரலோ விறைத்திருக்கும். என் கையைப் பிடித்து அந்தக் கொழுக்கிக்குக் கொண்டுபோய் வைத்தார் அந்த மனிதர். “இதைப் பிடி. விடாதே. அடுத்த கண்ணியைத் தேடு.” மாட்டினதும் ஒரு சத்தம் கேட்கும், சின்னச் சத்தம். பிறகு நடுவில், பிறகு வெளியில். கேமைத் திருப்பி இறுக்கி, ரப்பர் பட்டியைச் சுற்றி இழுத்துவிடவேண்டும். கொஞ்சத் தூரம் ஓடி, நிறுத்தி, மறுபடி இறுக்கவேண்டும். இந்தக் கடைசி வேலையைச் செய்யாதவர்களின் செயின்தான் அறுகிறது. ட்ரெயிலருக்கும் ஒரு சோடி போடச் சொன்னார், இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது அதன் வால் ஆடாமலிருக்க.

அவருடைய காற்சட்டை முழங்காலிலிருந்து கீழே நனைந்து உறைந்து தகரம் மாதிரி நின்றது. அவரும் என்னைப் போல மைல் கணக்கில் ஓடுகிறவர்தான். என் செயினுக்காக அவர் விட்ட நேரத்துக்கு அவருக்கு யார் கொடுத்தார்கள்? பெயரைக் கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

என்னை இழுத்தெடுத்த வண்டிக்கு நாலாயிரம் டொலருக்கு மேல் போனது. செயினைப் போட்டிருந்தால் எனக்கு 48 டொலர் நட்டம். கம்பனி அந்த 48ஐக் கொடுத்து ஒரு பயிற்சியும் தந்திருந்தால் நான் நின்றிருப்பேனா? நின்றிருப்பேன். இதை நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன். என் குற்றத்தைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. விளக்கைத் தாண்டினது நான்தான். ஆனால் ஒரு மனிதன் விளக்கைத் தாண்டுவதற்குக் காசு கொடுத்து, நிற்பதற்குக் காசைப் பிடுங்குகிற ஒழுங்கு ஒன்றைக் கட்டி வைத்துவிட்டு, அவன் நிற்பான் என்று எதிர்பார்ப்பது எப்படி நியாயம்?

எங்கள் அப்பா ஊரில் சொந்த லொறி வைத்திருந்தவர். யாழ்ப்பாணத்து வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு கண்டி வீதியால் கொழும்புக்கு ஓடினவர். மாரி காலத்தில் வன்னிக்குள் நெல் ஏற்றப் போனால் சில்லுப் புதையும். அப்போது கிளீனர் இறங்கிப் பனைமட்டையை வெட்டிச் சில்லுக்குக் கீழே கொடுப்பான். அதற்கும் ஏறாவிட்டால் தும்புக் கயிற்றை இரட்டைச் சில்லைச் சுற்றிச் சுற்றிக் கட்டுவான், கயிறு சேற்றைப் பிடிக்கும், லொறி எழும்பும். நான் சின்னப் பிள்ளையாக முன் இருக்கையில் இருந்து பார்த்திருக்கிறேன். ரயர் செயினும் அந்தக் கயிற்றிலிருந்துதான் பிறந்தது என்பது இங்கே வந்த பிறகு தெரிந்தது. நியூயோர்க் மாநிலத்தில் ஹரி வீட் என்பவர், சேற்றிலும் பனியிலும் ஆட்கள் சில்லுக்குக் கயிறும் கொடியும் சுற்றுவதைப் பார்த்து, அதை இரும்பில் செய்து 1904 இல் காப்புரிமை வாங்கினார்.

அப்பாவின் லொறியில் இரண்டு பேர் போனார்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் இறங்க. கிளீனருக்கு நாட்கூலி. சேற்றில் நின்ற நேரத்தை அப்பா ஒருநாளும் கழித்ததில்லை. கழிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கவே மாட்டாது. சேற்றில் இறங்கினவனுக்குத்தான் அன்றைக்குச் சாப்பாட்டுக்கடையில் முதல் பார்சல். இந்தப் பணக்கார நாட்டில் கிளீனரின் வேலையையும் சாரதியின் தலையில் கட்டிவிட்டு, கிளீனரின் கூலியை மட்டும் எங்கேயோ தொலைத்துவிட்டார்கள்.

தண்டனை மட்டும் தொலையவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் செயின் கொண்டு போகாவிட்டால் 196 டொலர். விளக்கு மின்னியும் போடாமல் ஏறினால் 598 டொலர். எல்லைக்குத் தெற்கே கொலராடோவில், செயின் போடாமல் போய் வீதியை அடைத்தால் ஆயிரம் டொலரும் மேலதிகமாக 157 டொலரும். இவற்றை நான் குறைக்கச் சொல்லவில்லை. என்னைப் பிடித்து 598 டொலர் எழுதியிருந்தாலும் அது சரிதான். நான் கேட்பது, தண்டிக்கும்போது அந்த நேரத்துக்கு விலை போடத் தெரிந்த அரசாங்கத்துக்கு, கூலி என்று வரும்போது மட்டும் ஏன் விலை தெரியாமல் போகிறது?

விலை இல்லாத வேலை இல்லை இது. கலிபோர்னியாவின் மலைப்பாதைகளில் செயின் போட்டுவிடுவதே தொழிலாக வைத்திருக்கிற ஆட்கள் உண்டு. மாநில நெடுஞ்சாலைத் திணைக்களம் அவர்களுக்கு அனுமதி கொடுத்து இலக்கமும் கொடுத்திருக்கிறது. வீதியோரத்தில் நிற்பார்கள், கார்க்காரர் காசு கொடுத்துப் போடுவித்துக்கொண்டு போவார்கள். காரின் செயின் என்றால் சின்னது, ஒரு கையால் தூக்கலாம். அதைப் போட்டுவிடுகிறவருக்குப் பற்றுச்சீட்டோடு கூலி. அதைப்போலப் பத்து மடங்கு பாரமானதை நடுச்சாமத்தில் போடுகிறவருக்கு ஒரு சதமும் இல்லை. வேலையில் என்ன வித்தியாசம் கண்டார்கள்?

கம்பனி நடத்துகிற நண்பர்களோடு இதைப் பேசியிருக்கிறேன். அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பார விலை விழுந்துவிட்டது, டீசல், காப்புறுதி என்று எல்லாம் ஏறிவிட்டது, செயினுக்கும் கொடுக்க எங்கே போவது என்பார்கள். நான் அவர்களுக்கு என் கொப்பியைக் காட்டுவேன். ஒரு குளிர்காலத்தில் நான் பத்துத் தடவைக்கு மேல் செயின் போட்டது அபூர்வம். ஒரு தடவைக்கு 50 டொலர் என்றாலும் வருடத்துக்கு 500. ஒரு ட்ரக் ஒரு தடவை புரண்டால், ஒரு இழுவை வண்டி ஒரு இரவு வந்தால், பல வருடத்துக்கான செயின் காசு போய்விடும். இந்தக் கணக்குத் தெரியாதவர்களா இவர்கள்? தெரியும். ஆனால் அந்த 500 நிச்சயம் போகிற காசு, மற்றது போகலாம், போகாமலும் விடலாம். அந்தச் சூதாட்டத்தில் பந்தயமாக வைக்கப்படுவது சாரதியும் அவருக்குப் பின்னால் வருகிற கார்களும்.

இன்னொரு சாரார், தானாக விழுகிற செயினைப் பூட்டினால் ஆயிற்று என்பார்கள். ஓட்டுகிற இடத்திலிருந்தே ஆளியைத் தட்டினால் சின்னச் சங்கிலித் துண்டுகள் சுழன்று சில்லுக்குக் கீழே வந்து விழும். மெல்லிய பனிக்கு அருமையான சாமான். ஆனால் பனி ஆழமானால் அது சுழலாது. மலையில் அன்றைக்குத்தான் செயின் தேவைப்படும்.

செயின் இருக்கிறது என்பதற்காக எந்த இரவிலும் ஏறச் சொல்லி நான் வாதாடவில்லை. பழைய ஆட்கள் சொல்வார்கள், செயின் சிக்கலிலிருந்து வெளியே வரத்தான், சிக்கலுக்குள் போக அல்ல என்று. மலையின் இரண்டு பக்கத்திலுமுள்ள மெரிற்றிலோ ஹோப்பிலோ நிறுத்திப் படுத்துவிட்டு விடியப் போவதுதான் பல இரவுகளில் சரியான முடிவு. ஆனால் நின்று படுத்த அந்த இரவுக்கும் மைல் இல்லை, காசு இல்லை. இரண்டும் ஒரே நோய்.

வீதி அடைபட்டால் என்ன ஆகும் என்பதை 2021 நவம்பரில் நாடு முழுக்கப் பார்த்தது. அடைமழை கோக்கிஹாலாவை இருபதுக்கு மேற்பட்ட இடங்களில் உடைத்துப் போட்டது. பாரவண்டிகளுக்கு அது மறுபடி திறக்க டிசம்பர் 20 ஆனது. அந்த ஐந்து வாரமும் எங்களுக்கு அமைச்சர்களிடமிருந்து நன்றி கிடைத்தது. சுற்றுப்பாதையில், ஒடுங்கிய மலைவீதியில், பனியில் ஓடி மரக்கறியும் மருந்தும் கொண்டு போனோம். அந்த நன்றியை நான் பெரிதாகத்தான் எடுத்துக்கொண்டேன். அதைச் சம்பளச் சீட்டில் ஒரு வரியாக எழுதித் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன். மாகாணம் விட்டு மாகாணம் ஓடுகிற சாரதிகளுக்கு மத்திய அரசின் தொழிற்சட்டம்தான் பொருந்தும். ஒட்டாவாவில் எங்கள் தமிழ்ப் பிரதிநிதிகளும் இருக்கிறார்கள். தேர்தலுக்கு எங்கள் கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் வருகிறவர்கள் இதை ஒரு தடவை அங்கே பேசட்டும்.

பயிற்சி அடுத்தது. நான் லைசன்ஸ் எடுத்த காலத்தில் ஒன்ராறியோவில் பயிற்சி கட்டாயமே இல்லை. 2017 ஜூலை முதலாம் திகதியிலிருந்து 103.5 மணித்தியாலம் கட்டாயமாக்கினார்கள். அது நல்ல காரியம், இன்னும் கூட்டவேண்டும். ஆனால் ரொறன்ரோவைச் சுற்றி மலையில்லை, மஞ்சள் விளக்கு மின்னுகிற பலகையில்லை. என்னோடு இரண்டாவது சாரதியாக ஏறிய ஐந்து பெடியளில் நாலு பேர் செயினைக் கையால் தொட்டதேயில்லை. அவர்களை மேற்கே அனுப்புகிற கம்பனிக்கு அது தெரியும். பெட்டிக்குள் செயின் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், அதைப் போட இந்தப் பிள்ளைக்குத் தெரியுமா என்று பார்ப்பதில்லை.

போன குளிர்காலத்தில் என்னோடு வந்த தம்பிக்கு இருபத்தாறு வயது. கோக்கிஹாலாவில் பொக்ஸ் கன்யன் என்ற இடத்தில், பெருப்பித்துக் கட்டின செயின் தரிப்பிடத்தில் நிறுத்தினோம். மஞ்சள் விளக்கு மின்னுகிறது. அவன் இறங்காமல் இருந்தான்.

“அண்ணை, எத்தினை பேர் போடாமப் போறாங்கள் பாத்தீங்களே.”

“பாத்தனான். இறங்கு.”

“எனக்கு இது வராது அண்ணை.”

அந்தச் சொல்லை அவன் வாயால் சொன்னதே எனக்குப் பெரிய ஆறுதல். எனக்கு 2011 இல் சொல்ல வரவில்லை. இறங்கினோம். பழைய பாய்த்துண்டை நிலத்தில் போட்டு அவனைச் சரித்துப் படுக்க வைத்தேன். உள்பக்கக் கொழுக்கிக்கு அவன் கை எட்டவில்லை. அவன் கையைப் பிடித்து அங்கே கொண்டுபோய் வைத்தேன். சத்தம் கேட்டது. “இதுதானே அண்ணை?” என்றான், முகம் முழுக்கப் பனி. ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் எடுத்தது. அந்த மாதச் சம்பளத்தில் அவனுக்கு அதற்கு ஒன்றும் வரவில்லை. நான் என் காசிலிருந்து கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டான்.

ஸ்காபரோவிலும் பிராம்ப்டனிலும் மிசிசாகாவிலும் ஐந்து ட்ரக், பத்து ட்ரக் வைத்து ஓட்டுகிற எங்கள் ஆட்களைக் கேட்கிறேன். உங்களில் பலர் ஓட்டிக் களைத்துத்தான் முதலாளி ஆனீர்கள். அந்தக் கொழுக்கியை நீங்களும் தடவியிருக்கிறீர்கள். ஒரு தடவை செயின் போட்டால் இவ்வளவு, மலைக்குக் கீழே நின்றால் இவ்வளவு என்று ஒரு கடதாசியில் எழுதிக் கையெழுத்து வையுங்கள். சாரதியை அவர் பெயரிலேயே ஒரு கம்பனி பதியச் சொல்லி, அவர் தொழிலாளி இல்லை என்று காட்டுகிற வேலையை விடுங்கள். அதில் விடுமுறையும் இல்லை, சுகவீன லீவும் இல்லை, இந்தச் செயின் காசைக் கேட்கவும் இடமில்லை. விளக்கு மின்னுகிற இரவில் டிஸ்பாச்சிலிருந்து போகிற செய்தி “எத்தனை மணிக்கு வருவாய்” என்று இருக்கக்கூடாது. “போட்டுவிட்டாயா” என்று இருக்கட்டும்.

சாரதித் தம்பி தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. ஒக்ரோபர் முதல் சனிக்கிழமை காலையில், ஒவ்வொரு வருடமும் போல, எங்கள் யார்டில் பழைய செயின் இரண்டு சோடியை விரித்து வைத்திருப்பேன். பனி இருக்காது, கை விறைக்காது, பின்னால் யாரும் ஹோர்ன் அடிக்க மாட்டார்கள். கண்ணைக் கட்டிவிட்டு உள்பக்கக் கொழுக்கியை மாட்டச் சொல்லித்தான் பழக்குவேன். நனைந்தாலும் பரவாயில்லை என்கிற காற்சட்டையோடு வாருங்கள். கையுறை இரண்டு சோடி கொண்டு வாருங்கள், ஒன்று போட, ஒன்று மாற்ற.